கிழக்கே வேலூர், மேற்கே பெங்களூர்: இடம் தவறிய புரதங்களின் வரலாறு

ஓசூரில் குடியிருப்பவர்களுக்குப் பெரிய நோய் என்பது முதலில் ஒரு திசைக் கேள்வியாகத்தான் வந்து நிற்கிறது. மேற்கே 40 கிலோமீட்டரில் பெங்களூர். அங்கே ஓசூர் சாலை என்று நம் ஊர்ப் பெயரையே தாங்கிய சாலையில் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை. கிழக்கே கிருஷ்ணகிரியைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர் தோல் கிடங்குகளின் வாடையைக் கடந்து, ஏறக்குறைய 170 கிலோமீட்டரில் வேலூர். ஜூஜூவாடிச் சோதனைச் சாவடியைத் தாண்டுவதா, சூளகிரி மேட்டை ஏறுவதா என்று வீட்டு வாசலில் நின்றபடி முடிவெடுத்த குடும்பங்களை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம்.

2007-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் எங்கள் வாசக நண்பர் ஒருவருக்கு அந்தக் கேள்வி எழுந்தது. சிப்காட் பகுதியில், பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறையில் வேலை. வயது முப்பதுகூட ஆகவில்லை. பல் துலக்கும்போது ஈறுகளில் ரத்தம் கசிந்தது. பல் நோய் என்று பத்து நாட்களைக் கழித்தார். பிறகு தொடையிலும் முழங்கையிலும் அடிபடாமலேயே நீலத் திட்டுகள். ரத்தத்தைச் சோதித்த மருத்துவர் அன்றிரவே வேலூருக்குக் கிளம்பச் சொன்னார். நோயின் பெயர் அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா. ரத்தப் புற்றுகளில் மிக விரைந்து கொல்வதும் இதுதான், முதல் சில வாரங்களைக் கடந்துவிட்டால் மிக உறுதியாகக் குணமாவதும் இதுதான் என்று அங்கே சொன்னார்களாம். தினமும் ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றினார்கள். அது என்ன மருந்து என்று அவருடைய அம்மா விசாரித்துத் தெரிந்துகொண்டு, வராந்தாவில் வந்து உட்கார்ந்து, "பாஷாணத்தையா ஏத்துறாங்க?" என்று கேட்டது எங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அம்மாவின் கேள்வி சரியான கேள்வி. அவர் புருவத்தை உயர்த்திய அந்தப் பொருள் ஆர்சனிக் டிரையாக்சைடு, நம் வழக்கில் வெள்ளைப் பாடாணம். நாடகங்களிலும் காவல்துறைக் குறிப்புகளிலும் நாம் சந்தித்திருக்கும் அதே நஞ்சு. அது ஏன் இந்த ஒரு ரத்தப் புற்றை மட்டும் இவ்வளவு அழகாகப் பணிய வைக்கிறது என்பதற்கு விடை கிடைக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. அந்த விடை, உயிரணுவுக்குள் புரதங்கள் எங்கே போக வேண்டும், எங்கே போய்ச் சேர்ந்துவிடுகின்றன என்ற கதைக்குள் ஒளிந்திருந்தது.

எல்லையோரத் தொழிற்பேட்டையில் வாழ்பவர்களுக்கு இந்தக் கதையைப் புரிந்துகொள்ளத் தனிப் படிப்பு தேவையில்லை. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்து வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்படும் வரை, ஜூஜூவாடியிலும் அத்திப்பள்ளியிலும் லாரிகள் மைல் கணக்கில் நின்றதை நாம் பார்த்திருக்கிறோம். ஆலையில் செய்த பொருள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அதனுடன் செல்லும் சீட்டில் முகவரி பிழையாக இருந்தால் அது போகவேண்டிய இடத்துக்குப் போகாது. உயிரணுவும் இப்படித்தான் இயங்குகிறது. ஒவ்வொரு உயிரணுவிலும் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் ஓயாமல் உருவாகின்றன. சில உட்கருவுக்குள் நுழைய வேண்டும். சில புறச்சவ்வில் பதிந்து வெளிச் செய்திகளை வாங்க வேண்டும். சில வெளியே அனுப்பப்பட வேண்டும். வேலை முடிந்தவை உடைக்கப்பட வேண்டும். உயிரணுவுக்குள் இந்த வழித்தடம் இருப்பதை மின்னணு நுண்ணோக்கியால் கண்டு சொன்னவர்களில் ஒருவர் ருமேனியாவில் பிறந்த ஜார்ஜ் பலாடே. 1974-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய நியூயார்க் ஆய்வகத்தில் வளர்ந்த குந்தர் புளோபல், புரதத்தின் முகவரி அதன் உடலிலேயே ஒரு சிறு தொடராக எழுதப்பட்டிருக்கிறது என்று எழுபதுகளில் நிறுவினார். அதற்காக 1999-இல் நோபல். (சிறுவனாக இருந்தபோது டிரெஸ்டன் நகரத்தைப் பார்த்து வியந்து, சில நாட்களிலேயே அது குண்டுவீச்சில் எரிந்ததையும் கண்டவர் அவர். பரிசுத் தொகையை அந்நகரின் தேவாலயத்தையும் யூதத் தொழுகைக் கூடத்தையும் மீண்டும் எழுப்பக் கொடுத்துவிட்டார்.) சவ்வுப் பைகளில் ஏறிப் புரதங்கள் பயணம் செய்யும் முறைக்காக ஷெக்மன், ரோத்மன், சூடாஃப் மூவரும் 2013-இல் அதே பரிசைப் பெற்றனர்.

இவர்கள் யாரும் ரத்தப் புற்றைத் தேடிப் போனவர்கள் அல்லர். ரத்தப் புற்றின் வரலாறு வேறு தடத்தில் வந்துகொண்டிருந்தது. நம் நண்பருக்கு வந்த நோயை 1957-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹில்லெஸ்டாட் தனி வகையாக விவரித்தார்: வெள்ளணுக்கள் பாதி முதிர்ந்த நிலையிலேயே நின்று குவிகின்றன, ரத்தம் உறைவது குலைகிறது, நோயாளி சில வாரங்களில் ரத்தப்போக்கில் இறக்கிறார். இருபது ஆண்டுகள் கழித்து, 1977-இல், சிகாகோவின் ஜேனட் ரௌலி இந்நோயாளிகளின் உயிரணுக்களில் 15-ஆவது குரோமோசோமின் ஒரு துண்டும் 17-ஆவதின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். குரோமோசோம்களின் புகைப்படங்களை வெட்டி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஜோடி சேர்ப்பது அவர் வழக்கம். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம்.

அந்த ஒட்டு எதை உண்டாக்குகிறது என்பது 1990-91-இல் தெரிந்தது. பாரிஸில் ஹ்யூக் த தே, ஆன் தெஜான் ஆகியோரும் அமெரிக்காவில் வேறு குழுக்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அதைக் கண்டுபிடித்தனர். 17-இல் இருக்கும் மரபணு, வைட்டமின் ஏ-யின் வழித்தோன்றலான ரெட்டினாயிக் அமிலத்தின் செய்தியை வாங்கும் புரதத்தைச் செய்கிறது. வெள்ளணுவின் முதிர்ச்சியில் இந்த வாங்கிக்குப் பங்குண்டு. 15-இல் இருப்பது பி.எம்.எல். என்ற புரதம். இரண்டும் இணைந்து, இயற்கையில் இல்லாத ஓர் இரட்டைப் புரதம் பிறக்கிறது.

1994-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் நுண்ணோக்கியில் கண்ட காட்சிதான் எங்களுக்கு இந்த வரலாற்றின் நடுப்புள்ளியாகத் தோன்றுகிறது. நலமான உயிரணுவின் உட்கருவில் பி.எம்.எல். புரதம் பத்திலிருந்து இருபது வரையிலான உருண்டைப் புள்ளிகளாகத் திரண்டிருக்கும். நோயுற்ற உயிரணுவில் அந்தப் புள்ளிகள் இல்லை. நூற்றுக்கணக்கான பொடித் துகள்களாகச் சிதறிக் கிடந்தன. இரட்டைப் புரதம், நல்ல பி.எம்.எல்.-ஐயும் அதன் கூட்டாளிகளையும் அவற்றின் இருப்பிடத்திலிருந்து இழுத்துப் போயிருந்தது. ரெட்டினாயிக் அமிலத்தைக் கொடுத்தபோது துகள்கள் மறைந்து, உருண்டைப் புள்ளிகள் மீண்டும் கூடின. புற்று உயிரணு கொல்லப்படவில்லை. இடம் பெயர்ந்தவை தம் இடத்துக்குத் திரும்பின, அணு முதிர்ந்தது, முதிர்ந்த அணு தன் இயல்பான ஆயுள் முடிந்து இறந்தது.

ஆனால் மருத்துவம் இந்த விளக்கத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஷாங்காயில் வாங் சென்-யி 1985-இலேயே, சாவின் விளிம்பிலிருந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு ரெட்டினாயிக் அமிலத்தின் ஒரு வடிவத்தைக் கொடுத்துக் காப்பாற்றியிருந்தார். 1988-இல் 24 நோயாளிகளின் விவரத்தை அவருடைய குழு வெளியிட்டது. ஆர்சனிக்கின் கதை அதற்கும் முந்தியது. வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர் சாங் திங்-தொங், எழுபதுகளின் தொடக்கத்தில் நாட்டு வைத்தியம் ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டார். ஆர்சனிக், பாதரச உப்பு, தேரையின் நஞ்சு மூன்றும் சேர்ந்த கலவை. அதை வைத்துச் சிலர் புற்றுநோய்க்கு மருந்து கொடுத்துவந்தார்கள். அவர் செய்தது என்னவென்றால், கலவையைப் பிரித்து, எது வேலை செய்கிறது என்று பார்த்தார். தேரை நஞ்சு தேவையில்லை என்று தெரிந்தது, பாதரசமும் தேவையில்லை என்று தெரிந்தது. ஆர்சனிக் மட்டும் நின்றது. எல்லா ரத்தப் புற்றுக்கும் அல்லாமல் குறிப்பாக இந்த வகைக்கே அது மிகச் சிறப்பாக வேலை செய்கிறது என்பதும் மெல்லத் தெளிந்தது.

இந்த இடத்தில் நம்மவர்கள் சிலர் எழுந்து, சித்தர்கள் இதை அன்றே அறிந்திருந்தார்கள் என்பார்கள். சித்த மருத்துவம் பிறவிப் பாடாணம் 32, வைப்புப் பாடாணம் 32 என்று 64 பாடாணங்களை எண்ணுவதும், வெள்ளைப் பாடாணம், தாளகம், மனோசிலை ஆகிய ஆர்சனிக் சரக்குகள் அதில் முக்கிய இடம் பெறுவதும் உண்மை. ஐரோப்பாவிலும் இது புதிதல்ல: 1786-இல் ஆங்கில மருத்துவர் ஃபௌலர் தயாரித்த ஆர்சனிக் கரைசல் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் சகல நோய்களுக்கும் கொடுக்கப்பட்டது. ஷெர்லக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயில், இளம் மருத்துவராக இருந்தபோது 1882-இல் லான்செட் இதழில், லுக்கீமியா நோயாளி ஒருவருக்கு ஆர்சனிக் கொடுத்ததைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். ஆர்சனிக்கைக் கையில் வைத்திருந்தவர்கள் பலர். கலவையைப் பிரித்துப் பார்த்து, எந்த நோயாளி பிழைத்தான், எவன் இறந்தான் என்று கணக்கு வைத்தவர்களுக்கே அது மருந்தாயிற்று. எங்கள் மரபின் மீது எங்களுக்கு இருக்கும் அன்பினாலேயே இதைச் சொல்கிறோம்.

ஹார்பினின் கணக்கு சீன மொழி இதழ்களுக்குள்ளேயே நெடுநாள் இருந்தது. 1997-இல் ஷாங்காய்க் குழு, மற்ற சிகிச்சைகளுக்குப் பிறகு நோய் திரும்பிய 15 பேருக்கு ஆர்சனிக் கொடுத்த முடிவை ஆங்கிலத்தில் 'பிளட்' இதழில் வெளியிட்டபோது உலகம் திரும்பிப் பார்த்தது. 2000 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதி அளித்தது. மண்ணிலிருந்து எடுத்த பழைய நஞ்சு, புதிய வணிகப் பெயருடன் மிகுந்த விலையில் குப்பிக்குள் அடைபட்டது.

வேலூர் இதற்கு முன்பே தன் முடிவை எடுத்துவிட்டிருந்தது. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையுடன் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, 1986-இல் மாம்மன் சாண்டியின் தலைமையில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தொடங்கியிருந்தது. ரத்த நோய்களுக்கென்று தேர்ந்த துறை அங்கே இருந்தது. அப்போது மேலைநாடுகளின் முறை, ரெட்டினாயிக் அமிலத்துடன் கடுமையான வேதிச் சிகிச்சையைச் சேர்ப்பது. அந்த வேதிச் சிகிச்சை மஜ்ஜையை வெறுமையாக்கும். நோயாளி வாரக்கணக்கில் கிருமிகளுக்குத் திறந்த வீடாகக் கிடப்பார். ரத்தமும் தட்டணுக்களும் விலையுயர்ந்த நுண்ணுயிர்க்கொல்லிகளும் வேண்டும். கையிலிருப்பதை விற்று வந்தவர்களால் இதைத் தாங்க முடியாது. பணம் தீர்ந்ததும் பாதியில் ஊர் திரும்புபவர்களை எந்த மருத்துவ இதழின் அட்டவணையும் சரியாகக் காட்டுவதில்லை.

1998 ஜனவரி முதல் வேலூரில், புதிதாக நோய் கண்டவர்களுக்கு ஆர்சனிக்கை மட்டும் கொடுக்கத் தொடங்கினார்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். நோய் தணியும் வரை, அதிகபட்சம் 60 நாட்கள். பிறகு நான்கு வார இடைவெளி, மீண்டும் நான்கு வாரம் மருந்து. அதன் பின் மாதத்துக்குப் பத்து நாட்கள் என்று ஆறு மாதம். மற்ற இடங்களில் நோய் திரும்பியவர்களுக்குக் கடைசிப் புகலாக வைத்திருந்த மருந்தை இவர்கள் முதல் மருந்தாக வைத்தார்கள். விக்ரம் மேத்யூஸும் அவர் தோழர்களும் 2006-இல் அதே 'பிளட்' இதழில் முடிவை வெளியிட்டனர்: 2004 டிசம்பர் வரை சிகிச்சை பெற்றவர்கள் 72 பேர்; நோய் முழுமையாகத் தணிந்தவர்கள் 62 பேர்; மூன்றாண்டு உயிர்வாழ்வு 86 விழுக்காடு. டெஹ்ரானிலும் ஒரு குழு இதே வழியில் சென்றிருந்தது. வறுமை கட்டாயப்படுத்திய குறுக்குவழி என்று இதைக் கருதியவர்கள் இருந்திருக்கலாம். 2013-இல் இத்தாலியின் லோ-கோகோவும் ஜெர்மானியக் கூட்டாளிகளும், நோய் மிகக் கடுமையாக இல்லாதவர்களுக்கு வேதிச் சிகிச்சையை விட்டுவிட்டு ரெட்டினாயிக் அமிலத்தையும் ஆர்சனிக்கையும் மட்டும் கொடுத்தால் போதும், அது பழைய முறைக்குக் குறைந்ததல்ல என்று நிறுவினர். இன்று அதுவே பணக்கார நாடுகளின் முறை. பணம் இல்லாததால் வேலூர் எடுத்த முடிவின் திசையில், பதினைந்து ஆண்டுகள் கழித்து, பணம் உள்ளவர்களும் வந்து சேர்ந்தனர்.

அதற்குள் ஆர்சனிக் செய்யும் வேலையும் துலங்கிவிட்டது. 1997-இலேயே, ஆர்சனிக் பட்டதும் சிதறிய பி.எம்.எல். துகள்கள் உருண்டைப் புள்ளிகளை நோக்கி நகர்வதைக் கண்டிருந்தார்கள். 2008-இல் அடுத்த படி: அங்கே வந்து சேர்ந்த புரதத்தின் மீது சிறு அடையாளப் புரதங்கள் ஒட்டப்படுகின்றன, அந்த அடையாளத்தைப் படிக்கும் வேறொரு புரதம் அதை உடைப்புக் கூடத்துக்கு அனுப்பிவிடுகிறது. 2010-இல், ஆர்சனிக் நேராக பி.எம்.எல். பகுதியையே பற்றிக்கொள்கிறது என்று சீன ஆய்வாளர்கள் காட்டினர். இரட்டைப் புரதத்தின் ஒரு முனையை ரெட்டினாயிக் அமிலமும் மறுமுனையை ஆர்சனிக்கும் பிடிக்கின்றன. இரண்டு மருந்துகளும், அவை எதைப் பிடிக்கின்றன என்பது தெரியாமலே கண்டெடுக்கப்பட்டவை.

இந்த நோய் ஒரு விதிவிலக்கு என்றே முதலில் நினைத்தார்கள். 2005-இல் இத்தாலியின் புருனாங்கெலோ ஃபலினி, பெரியவர்களுக்கு வரும் கடும் மைலாய்டு லுக்கீமியாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம், உட்கருவில் இருக்க வேண்டிய நியூக்ளியோபாஸ்மின் என்ற புரதம் வெளியே குவிந்திருப்பதைக் கண்டார். இது இயல்பாகவே எல்லை தாண்டிப் போய்வரும் புரதம்தான். மரபணுவில் சில எழுத்துகள் கூடுதலாகச் செருகப்பட்டதால் அதன் வால்முனை மாறி, 'வெளியேறு' என்ற கட்டளை ஒன்று புதிதாக எழுதப்பட்டுவிடுகிறது. திரும்பி வந்து தங்குவதற்கான பிடிப்போ அழிந்துவிடுகிறது. போலிச் சீட்டு வைத்திருக்கும் வண்டி ஒருபுறமாகவே போய்க்கொண்டிருப்பதைப் போல. அதே லுக்கீமியாவில் அடிக்கடி பழுதாகும் இன்னொரு புரதம் எஃப்.எல்.டி.3. அது புறச்சவ்வுக்குப் போய் வெளிச் செய்திக்காகக் காத்திருக்க வேண்டியது. பழுதான வடிவம் தயாரிப்புக் கூடத்தின் சவ்வு மடிப்புகளிலேயே பெருமளவில் தேங்குகிறது. தேங்கிய இடத்திலிருந்தே, யாரும் சொல்லாமலே, 'பெருகு' என்ற ஆணையைப் பிறப்பிக்கத் தொடங்குகிறது. அதே புரதம், அதே பழுது. புறச்சவ்வில் இருந்தால் ஒருவகைச் செய்தி, உள்ளே தேங்கினால் வேறுவகைச் செய்தி என்று 2009-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

இனி நெடுஞ்சாலையின் மேற்கு முனைக்கு வருவோம். பெங்களூரின் வடபுறம் ஜக்கூரில் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம் இருக்கிறது, 1989-இல் தொடங்கப்பட்டது. அங்கே மனீஷா இனாம்தாரின் ஆய்வகம் ஒரு புரதத்துக்கு 'அஸ்ரிஜ்' என்று பெயரிட்டது. வடமொழியில் ரத்தம் என்று பொருள். இது உயிரணுவுக்குள் சரக்கேற்றிச் செல்லும் சவ்வுப் பைகளில் அமர்ந்திருக்கும் புரதம். பழ ஈயின் ரத்த அணுக்களில் இதை நீக்கிப் பார்த்தார்கள். முதிராமல் காத்திருக்க வேண்டிய மூல அணுக்கள் பொறுமையிழந்து முதிரத் தொடங்கின. 2014-இல், சவ்வுப் பைகளின் போக்குவரத்தை முறைப்படுத்தும் ஏ.ஆர்.எஃப்.1 என்ற புரதம் அஸ்ரிஜின் அளவைக் கட்டுப்படுத்துகிறது, அதன் வழியே ரத்த அணுக்களின் சமநிலை காக்கப்படுகிறது என்று அந்தக் குழு அமெரிக்க அறிவியல் கழகத்தின் இதழில் எழுதியது. 2019-இல் அஸ்ரிஜ் இல்லாத எலிகளைப் பற்றிய கட்டுரை, வேலூரின் முடிவுகள் வந்த அதே 'பிளட்' இதழில் வந்தது. பிறக்கும்போது அந்த எலிகளிடம் ஒரு குறையும் தெரியவில்லை. ஆறு மாதமானபோது ரத்த அணுக்கள் மிகுந்தன, மண்ணீரல் பெருத்தது, மஜ்ஜையில் உறங்கிக்கிடக்க வேண்டிய மூல அணுக்கள் விழித்துப் பெருகின. கட்டுப்பாடற்ற பெருக்கத்தைத் தடுக்கும் காவலரான பி53, தன்னளவில் பழுதில்லாமலே, வேகமாக உடைக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

இதிலிருந்து மருந்து ஏதும் இன்னும் வரவில்லை. நாளையே வந்துவிடும் என்று சொல்வதும் நேர்மையாகாது. வேலூரில் மருந்து முதலில் வந்தது, காரணம் பிறகு வந்தது. ஜக்கூரில் காரணம் முதலில் வந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சாலையில் நாங்கள் இருக்கிறோம்.

நண்பருக்குத் திரும்புவோம். அவர் பிழைத்தார். மருத்துவமனைப் படுக்கையைவிட அதற்குப் பிந்திய மாதங்களே அவரை வாட்டின. மாதத்துக்குப் பத்து நாள் மருந்து என்பது எழுத்தில் எளிது. ஓசூரிலிருந்து பேருந்து, வேலூரில் சத்திரத்து வாடகை, துணைக்கு அம்மா, பட்டறையில் அந்தப் பத்து நாட்களுக்குக் கூலி இல்லை. ஆறாவது மாதம் முடிவதற்குள் வீட்டில் இருந்த நகை போயிற்று. ஆர்சனிக்கை நரம்பில் ஏற்றாமல் வாய்வழியே கொடுக்க முடியும் என்று ஹாங்காங் மருத்துவர்கள் அதற்கு முன்பே காட்டியிருந்தார்கள். 2013-இல் சீனாவில் ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு, வாய்வழி மருந்து நரம்புவழி மருந்துக்கு இணையாகவே வேலை செய்கிறது என்று நிறுவியது. மாத்திரையாக, வீட்டிலிருந்தபடியே உட்கொள்ளக்கூடியது. அதில் இருக்கும் முதன்மைச் சரக்கு சிவப்பு நிற ஆர்சனிக் சல்பைடு. நம் வைத்தியர்கள் மனோசிலை என்று எடுத்து வைத்திருப்பது.

நண்பர் இப்போது அதே சிப்காட்டில் வேறொரு பட்டறையில் மேற்பார்வையாளர். இந்தக் கட்டுரைக்காக அவரிடம் பழைய காகிதங்களைக் கேட்டோம். அம்மா இறந்த பிறகு அந்தப் பையைத் திறக்கவே இல்லை என்றார். மறுநாள் அவரே கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பேருந்துச் சீட்டுகள் மாதவாரியாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டப்பட்டிருந்தன.